கொடுவாத்தீவில் முந்தி விழுந்த மை

நாடே ஒரு தீவு, அந்தத் தீவின் வடக்கு ஓரத்தில் உலைமூடியைத் திறந்த அவசரத்தில் சிந்திய பருக்கைகள் போலக் கிடக்கிற குட்டித் தீவுகளில் ஒன்று கொடுவாத்தீவு, அந்தக் கொடுவாத்தீவில் பாராளுமன்றத் தேர்தலுக்குப் பதினாறு நாள் கிடக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, வாக்காளர் இடாப்பில் பெயருள்ள நானூறு சொச்சம் பேரும் இடது கைச் சின்னவிரலில் மையோடு எழும்பினார்கள்.

வாக்குப் போட்டவனுக்கு அலுவலர் பூசிவிடுகிற அதே ஊதா மை. நகமும் தோலும் சேருகிற இடத்தில் அதே கோடு. பல் தீட்டப் போனவன் கண்டான், மீன் வெட்டக் குந்தினவள் கண்டாள், வேதக்கோயில் மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்த கோயிற்பணியாளர் சங்கிலித்தாம் கண்டு இரண்டு மணி கூட அடித்தார். வயது வந்தும் பதியாமல் விட்ட சோம்பேறிகளின் விரல் மட்டும் பிறந்த நிறத்தில் இருந்தது. கனடாவுக்குப் போய் ஒன்பது வருசமாகியும் இடாப்பில் பேர் வெட்டுப்படாத றொபின்சன், அங்கே வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றவன், கையுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தாய்க்கு ரெலிபோன் எடுத்து, "அம்மா, எனக்கு விரல் அழுகுது போலக் கிடக்கு" என்று அழுதான். செத்து ஆறு வருசமாகியும் பேர் வெட்டுப்படாத மனுவேற்பிள்ளையின் கல்லறைச் சிலுவையில், இடது கை நுனியில், ஒரு சொட்டு ஊதா.

ஒருவரும் அலறவில்லை. கடலை நம்பிக் கிடக்கிற சனம், வந்ததை முதலில் தேய்த்துப் பார்க்கும், பிறகுதான் அழும். தேசிக்காயால் தேய்த்தார்கள், மண்ணெண்ணெயால் தேய்த்தார்கள், பப்பாசிப் பாலாலும் சுறா ஈரல் எண்ணெயாலும் தேய்த்தார்கள். தோல் போனது, மை போகவில்லை. அதற்குப் பிறகு ஆளை ஆள் பார்த்தார்கள். வினை அங்கேதான் பிடித்தது. தன்னுடைய விரல் ஒரு பாவமும் அறியாதது என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயம். அடுத்தவனின் விரலைப் பற்றி அந்த நிச்சயம் ஒருவருக்கும் இல்லை.

"எவனுக்குப் போட்டனீ?" என்று புருசன் கேட்டான்.

"உன்ர விரலிலயும் கிடக்குது. நீ எவனுக்குப் போட்டனீ?" என்று பெண்சாதி கேட்டாள்.

"நான் நித்திரையடி."

"நானும் உனக்குப் பக்கத்திலதானே கிடந்தனான். எழும்பி எங்க போனனீ எண்டு சொல்லு."

இப்படி நூற்றுச் சொச்சம் வீடுகளில் தேத்தண்ணி ஆறியது.

முதல்நாள் திங்கட்கிழமை, மணிக்கூண்டுச் சின்னத்தில் கேட்கிற கிருபைநாதன் என்ற ஆளுங்கட்சி வேட்பாளர், படப்பிடிப்புக்காரர் நாலு பேரோடு வந்து, கண்டவர் நின்றவருக்கெல்லாம் கைகொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கையில்தான் ஏதோ பூசிக்கொண்டு வந்தவன் என்றார்கள் சிலர். ஆனால் கைகொடாதவருக்கும் மை இருந்ததே, கனடாவுக்கு அவன் கை நீளுமோ என்றார்கள் வேறு சிலர். செவ்வாய் பின்னேரமே நகரத்தில் மணிக்கூண்டுக்காரர் வெடி கொளுத்தினார்கள், கொடுவாத்தீவு முழுக்க எங்களுக்கு என்று. அரிசி புடைக்கிற சுளகைச் சின்னமாய்க் கொண்ட புதுக்கட்சிக்காரர் களவு களவு என்று ஊர்வலம் போனார்கள். வியாழக்கிழமை, ஊரில் அரசாங்க அலுவல் பார்க்கிற விதானையார் தேர்தல் கந்தோருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, கோயில் முற்றத்தில் நின்று, தொண்டையைச் செருமிச் செருமிச் சொன்னார்: "விரலில மை இருக்கிற ஆளுக்கு வாக்குச்சீட்டு இல்லையாம். மை எப்பிடி வந்தது எண்டு கேக்கச் சட்டத்தில இடமில்லையாம்."

அதைக் கேட்டதும் சனம் மேற்கே திரும்பிப் பார்த்தது. ஏனென்றால் அந்தத் தேர்தலில் அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது மேற்கில் கிடந்தது. கொடுவாத்தீவைச் சுற்றி எல்லாப் பக்கமும் வள்ளத்தின் அடியைக் கிழிக்கிற முருகைக்கல். மேற்குக் கரையில் மட்டும் கால் கிலோமீற்றர் வெண்மணல், தாயின் மடி மாதிரி வள்ளம் ஏறுகிற இடம். அதை மணிக்கூண்டு அரசாங்கம் ஒரு ஹொட்டேல் கொம்பனிக்கு முப்பத்துமூன்று வருசக் குத்தகைக்குக் கொடுத்து, கொம்பனி முள்ளுக்கம்பி அடித்து, கதிரை போட்டு ஒரு காவலாளியை இருத்தியிருந்தது. வள்ளங்கள் கிழக்கே கல்லில் இறங்கின. வருசத்துக்குள் பதினொரு வள்ளத்தின் அடி பிளந்தது, பிபியானாவின் புருசன் சூசைக்குக் கால் வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் நசிந்தது. குத்தகையை முறிப்போம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தது சுளகுக்கட்சி ஒன்றுதான். போன முறை மாவட்டத்தின் கடைசி ஆசனம் இருநூறு வாக்கு வித்தியாசத்துக்குள்தான் கைமாறியது. ஆகவே கொடுவாத்தீவின் நானூறு விரலும் அந்தக் கம்பியை அறுக்கிற கத்தி, அந்தக் கத்தியில் முந்தியே கறை ஏறிவிட்டது.

"ஆரோ எங்களை வித்திட்டாங்கள்" என்றாள் சலேத்தம்மா.

அவள் சொன்னால் கேட்கவேண்டும். விற்பது என்றால் என்னவென்று அந்தத் தீவில் அவளை விட அறிந்தவர் இல்லை. பதினாலு வயதில் மீன் கடகம் தூக்கத் தொடங்கி, ஏச்சும் இடியும் வாங்கி, முப்பது வயதில் துறையில் மீன் கூறி விற்கிற முதல் பொம்பிளையாக நின்றவள். கொடுவாத்தீவில் மீனைக் கூறி ஆளைக் கூப்பிடுவதுதான் வாயால், விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவரின் முன்கையில் ஒரு துவாய் கிடக்கும், வாங்க வந்தவர் தன் கையை அந்தத் துவாய்க்குள் விடுவார், இரண்டு கையும் ஒன்றையொன்று கவ்வும், விரல்கள் பேசும், முகங்கள் வானத்தைப் பார்க்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறது, எந்தக் கணுவை அமத்துகிறது என்பதிலே விலை. கடைசியில் ஒருவர் மற்றவரின் சின்னவிரலைத் தனியே பிடிப்பார். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குள் கையை உருவாவிட்டால் விற்பனை முடிந்தது; பிறகு தேவதூதர் வந்து கேட்டாலும் மாற்றமில்லை. இருபத்தெட்டு வருசத்தில் சலேத்தம்மாவின் சின்னவிரலை விலை குறைவாய் ஒருவரும் பிடித்ததில்லை.

ஆகவே அவள் தேடத் தொடங்கினாள். விற்றவனிடம் வாங்கினது எங்கேயாவது தெரியும் என்பது அவளுடைய கணக்கு. விதானையாரின் வீட்டுக் கூரையில் புதுத் தகரம் இரண்டு மின்னியது. படலையில் நின்று கேட்டாள்.

"உது ஆர் போட்டது?"

"மகள் அனுப்பினது, அக்கா. பிரான்சில இருந்து."

"மகள் போன மாசம் உனக்கு ரெலிபோனும் எடுக்கேல்லை எண்டு அழுதனீ. இப்ப தகரம் அனுப்பிறாளோ?"

விதானையார் படலையைச் சாத்தினார். சுவாமியாரிடம் போய்க் கோயிலுக்குப் புது ஒலிபெருக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவர் பாவத்தை ஒத்துக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னார், அவள் நீங்கள் முதலில் செய்யுங்கோ என்றாள். மச்சாள் பிபியானாவின் கொடியில் பச்சைச் சேலை ஒன்று காய்ந்தது; அதைக் கையில் பிடித்து நூலைத் தடவினாள்.

"என்னடி மச்சாள், புதுசோ?"

"புருசன்ர கால் நசிஞ்சதுக்கு ஆறுதலா உன்ர தம்பிமார் வாங்கித் தந்தது. மறந்திட்டியோ? நீதானே கடையில விலை பேசினனீ."

"ஓ" என்றாள் சலேத்தம்மா.

"ஊரில எல்லாற்ற கொடியையும் தடவுறாய்" என்றாள் பிபியானா, சேலையைப் பறித்து. "உன்ர விரலிலயும் மைதானே கிடக்குது? எங்களை ஏன் பாக்கிறாய்?"

"என்ர விரலை ஆரும் சும்மா பிடிக்கேலாதடி."

"அதுதான் சொல்லுறன். நீ வித்தா நல்ல விலைக்குத்தான் வித்திருப்பாய்."

இந்தக் கதை காற்றில் ஏறிக் கிழக்குத்துறை வரை போனது. ஆனால் நாளாக ஆகச் சனம் மையோடு பழகியது, சனம் எதோடும் பழகும். சுவாமியார் நற்கருணை கொடுக்கையில் கையைப் பாராமல் நாக்கை மட்டும் பார்க்கப் பழகினார். பதியாமல் விட்ட சோம்பேறிகள் வெட்கப்பட்டுப் பேனையால் கீறிக்கொண்டார்கள். கலியாணம் பேச வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு மை இருக்கோ என்று கேட்டார்கள், இருந்தால் ஊரவன், இல்லாவிட்டால் வேலை வெட்டி இல்லாதவன். ஒருவரை ஒருவர் நம்பாமல் இருப்பதும் மெல்ல மெல்ல ஒரு ஒழுங்குக்கு வந்தது: முந்திக் கதவைத் திறந்து போட்டவர்கள் இப்போது ஒருச்சாய்த்துப் பாதி மூடினார்கள், உப்புக் கடன் கேட்டவளுக்கு உப்பைக் கிண்ணத்தில் கொடாமல் வாசலில் வைத்தார்கள்.

பத்தாம் நாள், மை வந்தபிறகு முதல் வியாபாரியாய், நவாஸ் வந்தான். கடலுக்கு அப்பால் பெரிய தீவிலிருந்து, ஊரார் பெருந்தரை என்கிற இடத்திலிருந்து, ஐஸ் பெட்டியோடு வந்து பதினைந்து வருசமாய்ப் பாரை வாங்குகிறவன். கிழக்குத்துறையில், பிளந்த வள்ளங்களுக்கு நடுவில், சலேத்தம்மா துவாயைப் போட்டாள், நவாஸ் கையை விட்டான், இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். திடீரென்று நவாஸ் கையை இழுத்தான்.

"என்னடா, விலை சுடுதோ?"

"அக்கா, உங்கட கை ஈரமாக் கிடக்கு."

வெளியே எடுத்த அவன் கையில், நாலு விரலிலும், ஊதா மை ஒழுகியது. சலேத்தம்மா துவாயைத் தூக்கிப் பார்த்தாள். துவாயின் உட்புறம் நனைந்து கிடந்தது. ஊரார் எல்லோருக்கும் காய்ந்து ஒட்டிய மை, அவளுடைய சின்னவிரலில் மட்டும் ஊற்றுக் கண்ணாய் ஊறிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் மீன் செதிலும் தண்ணீருமாய்க் கிடந்த கையில் அவளுக்கு அது தெரியவில்லை.

நவாஸ் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இது உங்கட கையிலயிருந்துதான் எல்லாருக்கும் போயிருக்கு, அக்கா. கடைசியா ஆர் உங்கட சின்னவிரலைப் பிடிச்சது?"

"நீதான்" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவனில்லை. அந்தத் திங்கட்கிழமை, அவள் சூடை மீனைக் கூறிக்கொண்டு நிற்கையில், முன்கையில் துவாயோடு நிற்கையில், கிருபைநாதன் வெள்ளை வேட்டியைச் சேற்றிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருவர் கை துவாய்க்குள் போய் வந்ததைக் கண்டவர், இதுதான் இந்த ஊரில் கைகொடுக்கிற மரியாதை என்று நினைத்து, படப்பிடிப்புக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி தன் கையையும் உள்ளே விட்டார். அவளுடைய விரல்கள் அவளைக் கேளாமலே பேசின. ஐந்தையும் விரித்து, ஊரின் வாக்குக்கு விலையாய் முழுக் கரையும் வேண்டும் என்றன. அவர் ஒன்றும் விளங்காமல், பதிலுக்கு ஒரு விலையும் அமத்தாமல், அவளுடைய சின்னவிரலைப் பிடித்தார். அவள் உருவியிருக்கவேண்டும். உருவவில்லை. அந்தக் கை பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது, படம் எடுக்கிறவர்கள் அம்மா இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ என்றார்கள், அவள் பார்த்தாள், சிரித்தாள், ஒரு மூச்சு போனது, இரண்டு மூச்சு போனது.

ஊரை விற்றவள் அவள்தான். அதிலும் கேவலம், விலை வாங்காமல் விற்றவள்.

துவாய்க்குள் முடிந்த விற்பனையை முறிக்க ஒரு வழிதான் உண்டு. விற்றவர் சனத்துக்கு முன்னால் துவாயைக் கழற்றிப் போட்டு, கேட்ட விலையையும் வாங்கின விலையையும் உரத்துச் சொல்லவேண்டும். சொன்ன கை அதற்குப் பிறகு ஒருவரின் துவாய்க்குள்ளும் போகாது. சலேத்தம்மா அறிய ஒரே ஒருவர் அப்படி முறித்தார்; அவர் மிச்சக் காலம் மற்றவரின் வலையைப் பொத்திக்கொண்டே இருந்து செத்தார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் கிருபைநாதன் மேல். அடுத்த நாளே வள்ளம் ஏறி, பஸ் ஏறி, நகரத்தில் அவருடைய கந்தோருக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களை விலத்திக்கொண்டு உள்ளே போய், மேசைக்கு முன்னால் துவாயோடு கையை நீட்டினாள்.

"என்ர விரலை விடுங்கோ."

"எந்த விரல், அம்மா?"

"நீங்கள் பிடிச்சது. அண்டைக்கு எங்கட துறையில."

கிருபைநாதன் சிரித்தார். அவருக்கு அவளையே ஞாபகம் இல்லை. "அம்மா, நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குக் கை குடுக்கிறன். நான் உங்களிட்ட ஒண்டும் வாங்கேல்லையே. வாங்காத சாமானை எப்பிடித் திருப்பித் தாறது?" பிறகு, அவளுடைய கையிலிருந்து மேசைத் தாளில் சொட்டுகிற மையைப் பார்த்தார், கொளுத்தின வெடிகளை நினைத்தார், ஆள் கெட்டிக்காரர், குரல் தேன் ஆனது. "சரி, நீங்கள் வந்தது வந்திட்டியள். மேற்குக் கரையில உங்கட தம்பிமாற்ற வள்ளத்துக்கு மட்டும் ஒரு கேற் போடச் சொல்லி கொம்பனிக்குச் சொல்லட்டோ? உங்களுக்கு மட்டும். நீங்கள் அங்க ஒண்டும் கதைக்காமல் இருந்தாக் காணும்."

சொன்னால் நம்பமாட்டார்கள், அந்தக் கேள்வி அவளுக்கு இனித்தது. கம்பியில் ஒரு வாசல், தம்பிமாரின் வள்ளம் மணலில் ஏறுவது, எல்லாவற்றையும் விட, நாளைக்கு ஒருவர் கேட்டால் சொல்ல ஒரு விலை. கள்ளி என்பார்கள், என்றாலும் விசரி என்னமாட்டார்கள். இருபத்தெட்டு வருசத்துப் பேர் மிஞ்சும்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

நாலு நாள் யோசித்தாள். துறைக்குப் போகவில்லை. சூசை நசிந்த காலை இழுத்து இழுத்துக் கல்லில் ஏறுவதை வேலிக்குள் நின்று பார்த்தாள். அவன் விழுந்தான், எழும்பினான், திரும்ப விழுந்தான். பிபியானா ஓடிப்போய்த் தூக்கினாள், பச்சைச் சேலையில் சேறு.

தேர்தல் நாள் காலை, கோயில் பள்ளிக்கூடத்தில் வாக்கெடுப்பு. சீட்டு இல்லை என்று தெரிந்தும் சனம் வரிசையில் வந்து நின்றது. குளித்து, நல்ல உடுப்பு உடுத்து, ஒருவரில் ஒருவர் முட்டாமல் இடைவெளி விட்டு நின்றது. பொறுப்பதிகாரி வாசலில் நின்று ஒவ்வொரு விரலாகப் பார்த்து, ஒவ்வொருவராக, மன்னிக்கவேணும் மன்னிக்கவேணும் என்று திருப்பினார். சலேத்தம்மா வந்தாள். வரிசையில் நிற்காமல் முற்றத்துக்கு நடுவில் போய் நின்று, முன்கையில் கிடந்த துவாயை எடுத்து மண்ணில் போட்டாள்.

அந்தச் செய்கையின் கருத்து ஊருக்குத் தெரியும். வரிசை கலைந்து வட்டமானது.

"நான்தான்" என்றாள் சலேத்தம்மா. மீன் கூறுகிற குரல் அவளுக்கு வரவில்லை. "நான்தான் எங்களை வித்தனான். மணிக்கூண்டுக்காரன் துவாய்க்குள்ள கையை விட்டவன். நான் இழுக்கேல்லை."

"என்ன கேட்டனீ?" என்றாள் பிபியானா.

"முழுக் கரை."

"என்ன தந்தவன்?"

சலேத்தம்மா கந்தோரில் பேசின கேற்றை நினைத்தாள். அதைச் சொல்லலாம், சொன்னால் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவளுடைய வாய் அந்தச் சொல்லை ஒருமுறை எடுத்து, மென்று, துப்பியது.

"ஒண்டும் தரேல்லை."

"ஒண்டும்?"

"ஒண்டுமில்லையடி! படம் எடுத்தாங்கள். சிரிச்சனான். அவ்வளவுதான். காணுமோ?"

முதலில் சூசை கைத்தடியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் நின்றவன். "எங்கட சூடைக்கும் சாளைக்கும் பெருந்தரையாரின்ர குடலை உருவின மனிசி, ஊரைச் சும்மா தூக்கிக் குடுத்திட்டுது!" என்று யாரோ கத்த, சிரிப்பு வட்டம் முழுக்க ஓடியது. ஏசினால் அவள் திருப்பி ஏசியிருப்பாள், அடித்தால் திருப்பி அடித்திருப்பாள்; சிரிப்புக்கு அவளிடம் ஒரு மறுவிலையும் இருக்கவில்லை. நின்று வாங்கினாள், கடைசி ஆள் சிரித்து முடியும் வரை வாங்கினாள்.

அந்தச் சிரிப்புக்குள் மை போனது. வியர்வை காய்கிற மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல். கண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கினவர்கள் விரலைக் கண்டார்கள். பொறுப்பதிகாரி ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், சட்டத்தில் மை எப்படிப் போனது என்று கேட்கவும் இடமில்லை என்று கண்டு, "முதலாவது ஆள் வாங்கோ" என்றார்.

எல்லோரும் போட்டார்கள். எல்லோருக்கும் திரும்பவும் மை பூசினார்கள், இந்த முறை கேட்டு. சலேத்தம்மாவின் விரலில் மட்டும் பழையது அப்படியே கிடந்தது, ஊறுவது நின்றிருந்தது, நிறம் போகவில்லை. "மன்னிக்கவேணும், அம்மா" என்றார் பொறுப்பதிகாரி. அவள் தலையாட்டிவிட்டு வெயிலில் நடந்தாள்.

நாடு மாறியது. மணிக்கூண்டு சரிந்தது, தலைநகரில் சனம் தெருவில் ஆடியது, மாவட்டத்தின் கடைசி ஆசனம் முந்நூற்றுச் சொச்சம் வாக்கால் சுளகுக்குப் போனது. கொடுவாத்தீவில் துவாய் பிபியானாவின் கைக்கு வந்தது. அவள் அதைத் தோய்த்து, வெயிலில் போட்டு, ஒரு நன்றியும் சொல்லாமல் முன்கையில் போட்டுக்கொண்டாள். சலேத்தம்மா துறையில் குந்தியிருந்து மற்றவரின் மீனை வெட்டினாள். அவளைக் கடந்து போகிறவர்கள் எல்லாம் ஒருமுறை சிரித்தார்கள். அவளும் அவர்கள் ஒவ்வொருவரையும், இவன் எப்போது எங்களை விற்பான் என்று, கத்தியை நிறுத்திப் பார்த்தாள்.

தேர்தல் முடிந்து மூன்றாம் கிழமை, சுளகில் வென்ற உறுப்பினர் வசீகரன் வந்தார், இளம் சட்டத்தரணி, மடிப்புக் கலையாத சேட். கொடுவாத்தீவுச் சனம் அவரை மாலையோடு கூட்டிக்கொண்டு நேரே மேற்கே போனது, முள்ளுக்கம்பிக்கு முன்னால். சலேத்தம்மாவும் கை கழுவாமல் போனாள். கம்பிக்கு அப்பால் காவலாளி கதிரையில் இருந்தான்.

வசீகரன் சலேத்தம்மாவின் கதையைக் கேள்விப்பட்டிருந்தார். அவளுக்குப் பக்கத்தில் வந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்து, காதோடு சொன்னார்: "அம்மா, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். குத்தகையை உடனே முறிக்கேலாது. கொம்பனி வழக்குப் போடும். கொஞ்சக் காலம் பொறுங்கோ."

"எனக்குக் கேக்கேல்லை" என்றாள் சலேத்தம்மா.

அவர் இன்னும் கிட்ட வந்தார். அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"அங்க கடைசியில நிக்கிறவனுக்குக் கேக்கச் சொல்லும், தம்பி."

"அம்மா, இதெல்லாம் மெல்லமாக் கதைக்கிற விசயம்..."

"மெல்லமாக் கதைச்சு நான் பட்டது காணும். கத்தும்."

வசீகரன் சனத்தைப் பார்த்தார். மாலை போட்டவர்கள் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. அவர் உதட்டை நனைத்துக்கொண்டு, "குத்தகை..." என்றார்.

"கேக்கேல்லை" என்றான் சூசை பின்னாலிருந்து.

"குத்தகையை முறிக்கிறம்!" என்றார்.

"எப்ப?" என்றாள் பிபியானா.

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது, மடிப்புச் சேட் நனைந்தது. பேசினது சட்டத்தரணி இல்லை, கரையில் அகப்பட்ட மனிதன். "இண்டைக்கு!" என்று அவர் போட்ட சத்தம் கம்பியைத் தாண்டி, வெண்மணலைத் தாண்டி, தண்ணீரில் போய் விழுந்தது. சொன்னபிறகு, தானே அதைக் கேட்டுத் திடுக்கிட்டவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

கம்பிக்கு அப்பால் காவலாளி கதிரையை விட்டு எழும்பினான். ஒரு கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். அங்கே தொங்குவது பூட்டுத் திறக்கிற திறப்புக் கோர்வையா அடிக்கிற தடியா என்று தெரியாமல் நானூறு பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். சலேத்தம்மா அவனைப் பார்க்கவில்லை. கரைக்கு அப்பால் கடலில் வள்ளத்தோடு நின்ற தம்பிமாரைப் பார்த்து, தொலைந்துபோயிருந்த அந்தக் கூறுகிற குரலில், "வள்ளத்தை இஞ்சால திருப்புங்கோடா!" என்று கத்தினாள்.